ஏழாவது மாடிக்கு ஏறின நடைமிஷின்

வாங்க தம்பி, வாங்க. நடக்கிற மிஷினு பாக்க வந்தவருதானே? போன்ல பேசினது நான்தான், குணவதி. மூச்சு வாங்குது பாருங்க உங்களுக்கு. மொதல்ல குந்துங்க. சேர் தேடாதீங்க, சேரு இந்த சாமானுக்கெல்லாம் அடியில எங்கியோ மாட்டிக்கினு இருக்கு. அந்த மிஷினு மேலயே குந்துங்க. நாங்களும் அதும் மேலதான் குந்துறது. மூணு வாரமா எங்க வீட்டு சோபா அதான்.

லிப்டா? லிப்டு இருக்கு தம்பி, ஏன் இல்ல. ஆயுதபூசைக்கு ஆயுதபூசை பொட்டு வச்சு, மாலை போட்டு கும்புடுறோம். ஓடுறதுதான் இல்ல.

இந்தாங்க, தண்ணி குடிங்க. பயப்படாதீங்க, நல்ல தண்ணிதான். கீழ லாரி வந்து நிக்கும், பவுனு தூக்கியாருவா. பவுனுன்னா ரெண்டு வீடு தள்ளி இருக்கிற பொண்ணு. புருஷன் இல்ல, ஒரு சின்னப் பொண்ணை வச்சிக்கினு இருக்கா. என் தங்கச்சி மாதிரி. என் வீட்டுக்கு தண்ணி எல்லாம் அவதான். இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணு, ஏழு மாடியும் ஏறிடுவா. நல்ல தெம்பு.

மிஷினு நல்லா ஓடும் தம்பி. ஓடுறதுல ஒரு குறை சொல்ல முடியாது. நிறுத்துறதுதான்... இல்ல, இல்ல, நிக்கும். சிவப்பு பட்டனை கொஞ்சம் கோவமா அமுத்தணும், அவ்ளோதான். பாத்தீங்களா? விக்கிறவளே சரக்கோட குறையை எடுத்து விட்டுட்டேன். இதான் தம்பி என் ஜாதகம். எங்க பேசணுமோ அங்க என் வாய் பூட்டிக்கும். எங்க பூட்டிக்கணுமோ அங்க தொறந்துக்கும். இந்த மிஷினு என் வீட்டுக்கு வந்த கதையே அதான்.

நீங்க ஜிம்மு வைக்கப்போறீங்கன்னு சொன்னீங்க இல்ல? நல்லா இருங்க. துட்டு குடுத்து மூச்சு வாங்குறவங்க அந்தாண்ட இருக்காங்க, சும்மா மூச்சு வாங்குறவங்க இந்தாண்ட இருக்கோம்.

வெளிய வராந்தாவுல கம்பியைப் புடிச்சுக்கினு ஒருத்தரு ஒக்காந்திருக்காரே, பாத்துக்கினுதானே வந்தீங்க? அவருதான் எங்க வீட்டுக்காரு, ஜெயபாலு. ஆட்டோ ஓட்டுறவரு. போன மழையில வண்டி குடை சாஞ்சு முட்டி போயிடுச்சு. உள்ள கம்பி வச்சு தச்சிருக்காங்க. டாக்டரு இன்னா சொன்னாருன்னா, ஆட்டோ ஓட்டலாம், ஆனா மாடி ஏறி இறங்கக் கூடாதுன்னாரு. ஆட்டோ கீழ இருக்கு, இவரு மேல இருக்காரு. நடுவுல ஏழு மாடி இருக்கு. இன்னா பண்ணச் சொல்றீங்க?

அதான் அங்க ஒக்காந்து, கீழ படுதா போத்தி நிக்கிற வண்டியையே பாத்துக்கினு இருப்பாரு. ஒருநாளு ஒரு நாய் படுதாவுக்குள்ள பூந்து பின்சீட்டுல படுத்துக்கிச்சு. இவரு மேல இருந்து கத்துறாரு, கத்துறாரு, அது காதுல விழுந்தாதானே? காலாட்டிக்கினு தூங்குது. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அன்னிக்கு அவரு சோறு துன்னல தம்பி. அப்பால நான் பாத்ரூம்ல போய் தாப்பா போட்டுக்கினு அழுதேன்.

சரி, கதைக்கு வரேன். ரோட்டுக்கு அந்தாண்ட பெரிய அபார்ட்மென்டு தெரியுது பாருங்க, ராத்திரியில கல்யாண மண்டபம் மாதிரி லைட்டு எரியுமே, அதுதான். அங்க பிரமீளா மேடம் வீட்டுல நான் சமைக்கிறேன், பாத்திரம் வெளக்குறேன், வீடு தொடைக்கிறேன். மேடம் மாதிரி ஒருத்தரை நீங்க பாக்க முடியாது. தங்கமானவங்க. ஆசிரமத்துக்கு சாப்பாடு, அனாதைப் புள்ளைங்களுக்கு போர்வை, தெருநாய்க்கு பிஸ்கெட்டு. அவங்க பிளாக்குல பொம்பளைங்க எல்லாம் சேந்து ஒரு குரூப்பு வச்சிருக்காங்க, அதுக்கு மேடம்தான் தலைவி. ஒரு பொருளு பழசாச்சுன்னா போதும், மேடத்துக்கு மனசு எளகிடும். "குணா, இது உனக்கு யூஸ் ஆகும்"னு எடுத்து வச்சிடுவாங்க.

எனக்கு யூஸ் ஆச்சா இல்லியான்னு நீங்களே பாருங்க. அந்த மூலையில மைக்ரோவேவு இருக்கு. அதைப் போட்டா ஃபியூஸ் போயிடும், அதனால பருப்பு டப்பா உள்ள வச்சிருக்கேன். எலி வராது, நல்ல டப்பா. மீன் தொட்டி இருக்கு, அதுல வெங்காயம். ஸ்வெட்டரு பதினஞ்சு கிடக்கு. மெட்ராஸ்ல ஸ்வெட்டரு! சுவிட்சர்லாந்துக்குப் போயிட்டு வந்து குடுத்தாங்க. நாங்க மடிச்சு தலைக்கு வச்சுப் படுக்கிறோம். எங்க வீட்டுல இல்லாத பொருளே இல்ல தம்பி, வேலை செய்யற பொருளுதான் இல்ல.

சிரிக்கிறீங்க. சிரிங்க, நானே சிரிச்சதுதான். ஆனா ஒவ்வொண்ணு வாங்கும்போதும் எப்படி வாங்குவேன் தெரியுமா? ரெண்டு கையையும் நீட்டி, கண்ணு ரெண்டும் விரிய, "ஐயோ மேடம், எனக்கா!"ம்பேன். அந்த "எனக்கா"வை என்னை மாதிரி ஒருத்தி சொல்ல முடியாது. அதுக்கே ஒரு கப்பு குடுக்கலாம்.

மேடத்தை நான் குறை சொல்றேன்னு நெனைக்காதீங்க. இவரு விழுந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில யாரு வந்தா? சொந்தக்காரன் ஒருத்தன் வரல. மேடம்தான் காரை எடுத்துக்கினு வந்தாங்க. ஆபரேசனுக்கு கட்டவேண்டியதை மொத்தமா கட்டினாங்க. என் பக்கத்துல பெஞ்சுல ஒக்காந்து என் கையைப் புடிச்சுக்கினு இருந்தாங்க. அந்த ஒரு நாளைக்கு நான் சாவுற வரைக்கும் அவங்களைக் கும்புடுவேன். அதுதான் தம்பி கஷ்டமே. கும்புட்ட கையை அப்படியே நீட்டி கூலி கேக்கணும்னா, கை வரமாட்டேங்குது.

ஆனா கேக்க வேண்டிய நேரம் வந்துச்சு. எங்களுக்கு எதிர் பிளாக்குல, இந்தாண்டயே, தரையோட ஒரு வீடு காலியாகப் போவுதுன்னு சேதி வந்துச்சு. வாசப்படி ஒண்ணே ஒண்ணு. ஆட்டோவை ஜன்னலாண்ட நிறுத்திக்கலாம். இவரு காலையில எழுந்து, கதவைத் தொறந்து, சீட்டுல போய் ஒக்காந்துட வேண்டியதுதான். சொன்னவுடனே இவரு மூஞ்சியைப் பாக்கணுமே! பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி ஆயிடுச்சு. ஆனா வாடகை இங்க குடுக்கிறதை விட மாசம் ஆயிரம் கூட. வாடகை மாசாமாசம் வருது தம்பி. தானம் மனசு வந்தாதானே வருது? வீட்டுக்காரன்கிட்ட போயி, "இந்த மாசம் ஸ்வெட்டரு வச்சுக்கோ"ன்னு சொல்ல முடியுமா?

ஏழு வருசமா மேடம் வீட்டுல ஒரே சம்பளம். சரி, கேட்டுடுவோம்னு முடிவு பண்ணேன். ஆனா எனக்குத்தான் என் வாயைப் பத்தி தெரியுமே? அதனால ஒத்திகை பாத்தேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். பவுனுவை மேடமா நிக்க வச்சேன். இந்தப் படிக்கட்டுதான் எங்களுக்கு நாடக மேடை. அவ ரெண்டு குடத்தைத் தூக்கிக்கினு ஏறுவா, நான் பக்கத்துல வசனம் சொல்லிக்கினே ஏறுவேன். மேடம் எப்படி எப்படி மடக்குவாங்கன்னு நான்தான் அவளுக்கு சொல்லிக் குடுத்தேன். அவ குடம் தளும்பாம, மூக்கால, "குணா, உன்னை நான் வேலைக்காரியாவா பாத்தேன்? நீ எங்க ஃபேமிலி இல்லியா"ம்பா. அச்சு அசலா மேடம் குரலு! உடனே நான் நாலாவது மாடி திருப்பத்துல நின்னு, இடுப்புல கையை வச்சு, என் வசனத்தை விடுவேன்.

"மேடம், குடுக்கிறது உங்க மனசு, செய்யறது என் வேலை. மனசுக்கு ஒரு கும்புடு போட்டுட்டேன். வேலைக்கு கூலியைப் போடுங்க."

எப்படி இருக்கு? நானே ஜோடிச்சது. மொதல்ல நீளமா இருந்துச்சு, ஏழு மாடி ஏறுறதுக்குள்ள மூச்சு பத்தாம குறைச்சு குறைச்சு இவ்ளோ ஆச்சு. சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும். பவுனு குடத்தோட நின்னு, "சூப்பரு அக்கா, மேடம் காலி"ம்பா.

மேடம் எங்க காலியானாங்க? ஒருநாளு காலையில அடுப்பாண்ட நின்னுக்கினு, "மேடம், சம்பளம் கொஞ்சம்..."னு ஆரம்பிச்சேன். அந்த "கொஞ்சம்"லயே என் வாய் பூட்டிக்கிச்சு. மேடம் கோவப்படல தம்பி. கோவப்பட்டிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன். மூஞ்சி வாடிப்போச்சு அவங்களுக்கு. "குணா, இந்த பிளாக்ல ரேட்னு ஒண்ணு இருக்கு. நான் ஒருத்தி ஏத்தினா எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க. அதுவும் இல்லாம கேஷா குடுத்தா உங்க வீட்ல நிக்குமா சொல்லு? ஜெயபால் குடிச்சுட்டா?"ன்னாங்க. எங்க வீட்டுக்காரு டீயைத் தவிர ஒண்ணும் குடிக்கிறதில்ல. அதுவும் சக்கரை கம்மியா. அதையாவது சொன்னேனான்னு கேளுங்க. "ஆமா மேடம்"னேன்! பெத்தவங்க பாத்து கட்டிவச்ச மனுசனை ஒரே வார்த்தையில குடிகாரனாக்கிட்டு, மேடத்துக்கு தோசை வாத்தேன்.

கடைசியா மேடம் சொன்னாங்க, "உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கிளப் ஹவுசுக்கு வா. ஜெயபாலுக்கு முட்டி சரியாகுற மாதிரி ஏதாவது பண்ணுவோம்." எனக்கு அப்படியே மெதக்குற மாதிரி ஆயிடுச்சு. ஓடியாந்து இவருகிட்ட, "யோவ், தரை வீடு நமக்குத்தான்"னேன். இவரும் ஆட்டோ சாவியைத் தேடி எடுத்து, தேங்கா எண்ணெ போட்டுத் தொடைச்சு வச்சாரு.

ஞாயித்துக்கிழமை என் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கினு போனேன். போனா, கிளப் ஹவுசு நெறைய சனம். பலூன் கட்டியிருக்கு. மேடையில இன்னாவோ ஒண்ணு, ஒரு மாட்டு உசரத்துக்கு, செவப்பு ரிப்பன் கட்டி நிக்குது. தோ, நீங்க குந்தியிருக்கீங்களே, இதுதான்.

மேடம் மைக்கைப் புடிச்சு பேசினாங்க. "எங்க குணா என்கிட்ட சம்பளம் ஏத்தச் சொல்லிக் கேட்டா. நான் யோசிச்சேன். சம்பளம் மாசத்தோட போயிடும். ஆரோக்கியம் போகுமா?"ன்னாங்க. கைதட்டுறாங்க தம்பி! "குணாவோட ஹஸ்பண்டுக்கு முட்டி வலி. இனிமே அவரு வீட்லயே நடந்து சரி பண்ணிக்கலாம்"னாங்க. ஏழு மாடி எறங்க முடியாத மனுசனுக்கு, எறங்கவே வேணாம்னு ஒரு மிஷினு. அதுவும் எத்தினி நாள் நடந்தாலும் இந்த ரூமை விட்டு வெளிய போகாது.

அப்பால மைக்கை என் கையில குடுத்துட்டாங்க. "குணா, ரெண்டு வார்த்தை சொல்லு."

தம்பி, இதைவிட ஒரு நேரம் வருமா? முன்னாடி எல்லா வீட்டு அம்மாமாரும் ஒக்காந்திருக்காங்க. பின்னாடி செவத்தோரம் எல்லா வீட்டு வேலைக்காரப் பொம்பளைங்களும் நிக்கிறாங்க. அவங்களும் வருசக்கணக்கா ஏறாத சம்பளத்துலதான் நிக்கிறாங்க. ஸ்டெல்லான்னு ஒருத்தி, என்னைப் பாத்து கண்ணைக் காட்டுறா, "சொல்லுடி, சொல்லு"ன்னு. வசனம் நாக்கு நுனியில இருக்கு. "மேடம்"னு ஆரம்பிச்சேன். "குடுக்கிறது உங்க மனசு"ன்னேன். மொதல் வரி சரியா வந்துடுச்சு! அதுக்கே ஒரே கைதட்டு. கைதட்டுல நான் நிறுத்திட்டேன். நிறுத்தினா மேடம் கண்ணுல தண்ணி நிக்குது. ஆஸ்பத்திரி பெஞ்சுல என் கையைப் புடிச்ச அதே மேடம். எனக்கும் அழுகை வந்துடுச்சு. அடுத்த வரி எங்கியோ போயிடுச்சு. என் வாயில இன்னா வந்துச்சு தெரியுமா? "எனக்கா மேடம், இதெல்லாம் எனக்கா!" அப்படியே குனிஞ்சு கால்ல விழுந்துட்டேன். மைக்கு கீழ விழுந்து கீய்ங்னு கத்துச்சு. அது ஒண்ணுதான் அன்னிக்கு எனக்காக கத்துச்சு.

போட்டோ எடுத்தாங்க. இருக்கு, அப்பால காட்டுறேன். நானும் மேடமும் மிஷினும். அதுல மூஞ்சியில வெக்கமில்லாம நிக்கிறது மிஷினு ஒண்ணுதான்.

இதோட முடிஞ்சா பரவால்ல. குடுத்தவங்க மிஷினை குடுத்தாங்க, தூக்கிக்கினு வர கூலி குடுக்கல. குட்டியானை வண்டிக்கு வாடகை நான் குடுத்தேன். மாடி ஏத்த ரெண்டு ஆளு, மாடிக்கு இவ்ளோன்னு பேசி வாங்கிக்கினு போனாங்க. பக்கத்து வீட்டுல கடன் வாங்கி தானம் வாங்கின ஒரே பொம்பளை நான்தான் தம்பி. பிளக்கை மாட்டினவுடனே இந்த மாடி மொத்தத்துக்கும் கரண்டு போச்சு. எல்லா வீட்டுலயும் சீரியலு ஓடுற நேரம். அவங்க பேசின பேச்சை உங்ககிட்ட சொல்ல முடியாது. அப்பால இதுக்குன்னு தனி ஒயரு இழுத்தோம்.

ஒரே ஒரு நாளு இவரு ஏறினாரு. "மேடம் குடுத்திருக்காங்க, மரியாதைக்காவது ஏறணும்"னாரு. கொஞ்ச நேரம் நல்லா நடந்தாரு. நானும் பெருமையா பாத்துக்கினு இருந்தேன். போதும்னு பட்டனை அமுத்துனாரு. நிக்கல. இவரு நடக்கிறாரு, அது ஓடுது. இவரு ஓடுறாரு, "ஏ குணா, குணா"ன்னு கத்துறாரு. நான் எந்த பட்டன்னு தேடுறதுக்குள்ள அந்த வெங்காயத் தொட்டியாண்ட கொண்டுபோய் தள்ளிடுச்சு. முட்டி மறுபடி வீங்கிக்கிச்சு. மேடத்துக்கு போன் பண்ணி சொன்னனா? "நல்லா நடக்கிறாரு மேடம்"னேன்.

ஸ்டெல்லா என்கூட பேசுறதில்ல இப்ப. ஏன்னா மேடம் குரூப்புல எல்லாரும் இதையே புடிச்சுக்கிட்டாங்க. எவ சம்பளம் கேட்டாலும் ஒரு பழைய பொருளு, ஒரு போட்டோ. ஸ்டெல்லா கேட்டதுக்கு அவளுக்கு ஒரு கிடாரு குடுத்தாங்களாம். கம்பி இல்லாத கிடாரு. "உன் கண்ணீர்லதான்டி எங்க எல்லாரோட கூலியும் கரைஞ்சு போச்சு"ன்னு அபார்ட்மென்டு கேட்டாண்ட நிறுத்தி வச்சு கேட்டா. நியாயம்தானே? நான் தலையைக் குனிஞ்சுக்கினு வந்துட்டேன். அதான் சொன்னேனே, பேச வேண்டிய எடத்துல பூட்டிக்கும்.

மேடம் வீட்டை விட்டுட்டனான்னு கேக்குறீங்களா? விடுவேனா? கேக்க வாய் வரல, விட கால் வரல. அதுக்கு பதிலா சாயந்திரம் இன்னொரு வீட்டுல சப்பாத்தி போட ஒத்துக்கினேன், வாடகைக்கு அது சரியாப் போயிடும். இடுப்பு போயிடும், அது வேற. அட்வான்சுக்குத்தான் இந்த மிஷினு. தரை வீட்டுக்காரரு இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும்தான் காத்திருப்பேன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் வேற ஆளுக்கு விட்டுடுவாராம். அதனாலதான் தம்பி, நீங்க போன்ல இன்னா சொன்னீங்களோ அதே போதும், பேரமே பேசல. கீழ போயிட்டா தண்ணி நானே புடிச்சுக்குவேன். பவுனுக்கும் ரெஸ்ட்டு.

பவுனுன்னதும் ஞாபகம் வருது. உலகத்துல நன்றின்னு ஒண்ணு இல்ல தம்பி. நேத்து இன்னா கேட்டா தெரியுமா அவ? "அக்கா, தண்ணி தூக்குறதுக்கு மாசம் இவ்ளோன்னு பேசிக் குடு. பொண்ணுக்கு ஸ்கூல் வேனுக்கு மாசாமாசம் கட்டணும்"கிறா. என்கிட்ட! நான் அவளுக்கு எத்தினி செஞ்சிருக்கேன்? மீந்த கொழம்பு எது இருந்தாலும் மொதல்ல அவ வீட்டுக்குத்தான் போவும். மேடம் குடுத்த மிக்சி, ஜாரு இல்லாத மிக்சிதான், ஆனா மோட்டாரு நல்லா இருந்துச்சு, அதைத் தூக்கிக் குடுத்தேன். ஸ்வெட்டரு மட்டும் நாலு குடுத்திருக்கேன். துட்டா குடுத்தா அவ கையில நிக்காது தம்பி. பூவு, பிஸ்கெட்டுன்னு செலவு பண்ணிடுவா. பொருளா குடுத்தாதான் நிக்கும். நான் அவளை கூலிக்காரியா வச்சிருந்தா கேக்கலாம். தங்கச்சியா இல்ல வச்சிருக்கேன்? மனசே விட்டுப்போச்சு எனக்கு. இருந்தாலும் வெறுங்கையா அனுப்பல, இன்னொரு ஸ்வெட்டரைக் குடுத்துதான் அனுப்பினேன்.

சரி, பேச்சோட பேச்சா மிஷினை ஓட்டிப் பாத்துட்டீங்க, புடிச்சிருக்கு. பட்டனை உங்க மெக்கானிக்கு பாத்துக்குவாரு, ரொம்ப நல்லது. கீழ வண்டி நிக்குதா? வண்டிக்காரரு வந்துட்டாரா? அப்ப ஒரு பக்கம் நீங்க ரெண்டு பேரும் புடிச்சுக்குங்க. இந்தப் பக்கம் பவுனு ஒருத்தி போதும். அவளுக்கு நீங்க ஒண்ணும் குடுக்க வேணாம் தம்பி, நம்ம வீட்டுப் பொண்ணு. நான் பாத்துக்குறேன்.

ஏ பவுனு! பவுனு! வாடி இப்படி.

வந்துட்டா பாருங்க. ஈரக் கையைத் தொடைச்சுக்கினே வரா. அந்தக் கம்பியைப் புடிடி. தூக்கு. தம்பி, நீங்க அந்தாண்ட தூக்குங்க.

இன்னாடி நிக்கிற? புடி.

இன்னாடி இடுப்புல கையை வச்சிக்கினு?

...

கேட்டீங்களா தம்பி? இன்னா சொன்னா கேட்டீங்களா? "அக்கா, குடுக்கிறது உன் மனசு, செய்யறது என் வேலை. மனசுக்கு ஒரு கும்புடு போட்டுட்டேன். வேலைக்கு கூலியைப் போடு."

என் வசனம்! ஒரு எழுத்து மாறல. நான் நாலாவது மாடியில நின்னு நின்னு உருப்போட்டது. மைக்கைக் குடுத்தும் எனக்கு வராதது, இவளுக்கு குரலு கூட நடுங்காம வருதே! பாதகத்தி, குடத்தைத் தூக்கிக்கினு ஏறும்போது இதையா படிச்சுக்கினு ஏறினே?

யோவ், நீ ஏன்யா வராந்தாவுல சிரிக்கிற? முட்டி ஒடைஞ்சதுலருந்து சிரிக்காத மனுசன், சிரிக்க நேரம் பாத்தியா? சாயந்திரத்துக்குள்ள துட்டு குடுக்கலன்னா வீடு போயிடும்யா. உன் ஆட்டோவுல நாய்தான் குடித்தனம் பண்ணும்.

பவுனு, இங்க பாருடி. உன்னை நான் வேலைக்காரியாவா பாத்தேன்? நீ எங்க குடும்பத்துல ஒருத்தி இல்லியா?

...இல்ல தம்பி, அது அவ வசனம். மேடம் வேசத்துக்கு நான் அவளுக்கு சொல்லிக் குடுத்தது. என் வாயில எப்படி வந்துச்சுன்னு தெரியல. அவ வசனம் என்கிட்ட வந்துடுச்சு, என் வசனம் அவகிட்ட போயிடுச்சு. நல்லா ஒத்திகை பாத்தோம் போ.

சரி, அந்த மீன் தொட்டியை எடுத்துக்கிறியா? வெங்காயத்தோடவே எடுத்துக்கோ. வேணாமா? தலையாட்டுறா பாருங்க. நகர மாட்டேங்கிறா. நீங்களும் தூக்கின கையோட அப்படியே நின்னுக்கினு அவளையே பாக்குறீங்க.

சரிடி தாயே, நீயே ஜெயிச்சே. சொல்லு, மாசம் எவ்ளோ வேணும்?

எவ்ளோ?

ஐயையோ! அதெப்படிடி? இந்த மாடியில தண்ணிக்குன்னு ஒரு ரேட்டு இருக்கு இல்ல? நான் ஒருத்தி ஏத்திட்டா எல்லாரும் என்னைத்தானே திட்டுவாங்க?

ஏன் தம்பி, நீங்க ஏன் இப்ப சிரிக்கிறீங்க?